மாநகர முதல்வரும் குடியிருக்கும் வீடும்



பெரியநீலாவணைக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி ஏறக்குறைய இருநூற்றெழுபது எட்டு நடந்தால் 200 மீற்றர் தூரம் வரும். யானே நடந்து பார்த்தேன். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் கரையோரத்தை அழித்துச் சென்ற பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் இத்தூரத்துக்குள் எவரும் வீடு கட்டலாகாது என விதித்தார்கள். அந்த எல்லைக்கோட்டைக் கீறியவர் யார்? விடை காணக் கொழும்பு மாநகரின் பழைய கதையைச் சற்றே புரட்ட வேண்டும்.

கொழும்பில் மாநகர சபை 1865 இல் தோன்றியது. நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தரே அதன் தலைவராயிருந்தார். 1914 இல் அந்நகரிலே பிளேக்கு நோய் புகுந்தது. மறு ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகள், ஒடுங்கிய தெருக்கள், அனுமதியின்றி எழும் கட்டடங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் உரிமை உள்ளூர்ச் சபையின் கைக்கு வந்தது. 1921 இல் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினார். அதற்கு முன்னரே மதுரை, தஞ்சை, காஞ்சி முதலிய நகரங்களின் சந்துபொந்துகளைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தவர் அவர். நெருக்கமான குடியிருப்பை முழுவதும் இடித்துத் தள்ளுவது வீண் செலவு. பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, இடைவெளியில் ஒரு மரமும் முற்றமும் அமைத்தால் போதும் என்பது அவர் கொள்கை. நம் அதிகாரிகள் பலர் இன்னும் கற்காத பாடம் இது.

1937 இல் கொழும்புக்கு மாநகர முதல்வர் பதவி ஏற்பட்டது. முதலாவதாக அதில் அமர்ந்தவர் தமிழரான வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. முதல்வரை வாக்காளர் நேரே தெரியவில்லை, உறுப்பினர்களே தெரிந்தனர். 1954 இல் சமசமாஜக் கட்சித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா முதல்வரானார். ஏழைகளின் கட்சி தலைநகரின் ஆசனத்தைப் பெற்றுவிட்டது! ஆயின் அதே ஆண்டில் பாராளுமன்றம் தேசிய வீடமைப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வீட்டுக்குரிய நிதியும் அதனை ஆளும் ஆணையாளரும் மத்திய அரசின் பக்கம் நின்றனர். நகரத் திட்டமிடலுக்குரிய கட்டளைச் சட்டமோ 1946 இலேயே வந்திருந்தது. முதல்வரிடம் எஞ்சியவை சோலைவரியும் வடிகாலும் தெருவிளக்கும் போன்றவையே. 1956 இல் அவர் பதவியும் முடிந்தது.

வியன்னா நகரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1919 தேர்தலில் அங்குச் சமூக சனநாயகக் கட்சியினர் வென்றனர். 1922 இல் அந்நகரம் தனி மாகாணமாகி வரி விதிக்கும் உரிமையைப் பெற்றது. ஆடம்பர வீடுகளின் மேல் மிகுந்த வரியும், சிறு வீடுகளின் மேல் சொற்ப வரியும் விதித்து, 1934 க்குள் 60,000 க்கு மேற்பட்ட வீடுகளை நகரசபையே கட்டி முடித்தது. தேர்தல் மேடையில் சொன்னதைச் செய்வதற்குரிய பணப்பெட்டி அவர்கள் கையில் இருந்தது.

நம் நாட்டிலோ 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையும் 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றின. உள்ளூர்ச் சபையின் கை மேலும் சுருங்கிற்று.

ஆகவே 2005 இல் எம் கரையிலே கோடு கீறப்பட்டபோது, அது கொழும்பிலிருந்தே வந்தது. கரைவலை இழுப்பவன் தோணியை விட்டு எங்கே போவான்? கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊரில் மாற்றுக் காணிதான் ஏது? 2005 இன் இறுதியிலும் 2006 இலும் அக்கோடு தளர்த்தப்பட்டது. கல்முனை வாக்காளர் மாநகர சபைக்கு உறுப்பினரைத் தெரிந்ததும் அதே 2006 இல்தான். வீட்டைப் பற்றிய பெரிய முடிவுகள் அதற்குள் வேறிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டன. குடும்பங்கள் சில தொடர்மாடிகளுக்குப் போயின. பக்கத்து மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். குழித்தறிக்கு நிலத்திலே குழி வெட்ட வேண்டும்; மூன்றாம் மாடியில் அதை எங்கே வெட்டுவது என்று ஒரு முதிய நெசவாளர் என்னிடம் கேட்டார்.