குடாநாட்டில் ஜெனரேற்றர்

மின்சாரம் நின்றால் உதவட்டுமென்று மலிவான சிறு ஜெனரேற்றரொன்றை வாங்கி விறாந்தை மூலையில் வைப்பது யாழ்ப்பாணத்தில் இன்று சாதாரண காரியம். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மறுபடியும் மூண்டு, தெற்கிலிருந்து வந்த மின்சாரம் அறுந்து, பெற்றோலும் பற்றரியும் தடைப்பொருட்களின் ஜாபிதாவில் ஏறிய பிற்பாடோ, அந்த யந்திரத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் ஊருக்குச் சிலரே. அவர்களுக்கும் யந்திரம் இருந்ததேயன்றி அதற்கு வார்க்கப் பெற்றோல் இருக்கவில்லை.

ஆகையால் அதனை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இந்த வித்தை திடீரென்று முளைத்ததன்று. துலா மிதித்துக் கிணற்றுநீர் இறைத்த தோட்டக்காரர், சுதந்திரத்தையடுத்த தசாப்தங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் யந்திரத்துக்கு மாறி, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அதனாலேயே தண்ணீர் பாய்ச்சிவந்தபடியால், கார்புரேற்றரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளுக்குக் குடாநாட்டில் ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை என்பதை அனுபவத்தால் அறிந்த அவர்கள், மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில சொட்டுக்களை விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு அது ஓடும். மோட்டார் சைக்கிளும் அக்காலத்தில் இவ்விதமே ஓடிற்று.

ஆனால் வீட்டுக்கு வெளிச்சம் தருவதற்காக அதனை ஓட்டியவர் அபூர்வம். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது: அடியில் பஞ்சையிட்டு, அது நனையுமளவுக்கே மண்ணெண்ணெய் வார்த்து, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்துச் செய்த அவ்விளக்கின் முன்னிருந்தே ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. வானொலிச் செய்தி கேட்பதற்குக் கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் டைனமோ போதும். பெடலைக் கையாற் சுற்ற வீட்டில் ஒரு பையன் வேண்டும், அவ்வளவே.

ஜெனரேற்றரோ களியாட்டத்தின் வாகனமாயிற்று. அயலவர் காசு சேர்த்து அதனையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கெடுத்து, விடியும்வரை இரண்டு மூன்று படங்களைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதற்கு அக்காலத்தில் ‘படம் போடுதல்’ என்று பேர். வசனத்தை விழுங்கிவிடாதபடி யந்திரத்தை வளவின் பின்கோடியில் வைத்து நீண்ட வயர் இழுப்பார்கள். எண்ணெய் முடியுந் தறுவாயில் எஞ்சின் தடுமாற, திரையிலே கதாநாயகனின் உருவம் நாற்புறமும் சுருங்கும். உடனே ஒருவர் போத்தலோடு பின்வளவுக்கு ஓடுவார். பட்டினிக்கும் குண்டுவீச்சுக்கும் இடையில் அருமந்த எண்ணெயை இப்படி எரிக்கலாமா என்று பெரியவர்கள் கடிந்துகொண்டது நியாயமே. எனினும் அந்தப் பெரியவர்களும் முன்வரிசைப் பாயிலே வந்து அமர்ந்தார்கள் என்பதையும் சரித்திரம் பதிந்துகொள்ள வேண்டும்.

யுத்தம் 2009இல் முடிந்து, சில வருஷங்களில் தேசிய மின்வலைப்பின்னல் குடாநாட்டின் சுன்னாகம் வரை மீண்டும் வந்து சேர்ந்ததும், வாடகை ஜெனரேற்றர் கலியாண வீட்டுக்கும் கோயில் வீதிக்கும் ஒதுங்கிற்று. அப்பால் 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, வாங்கி வைத்திருந்தவர்கள் மூலையிலிருந்ததை முற்றத்துக்கு இழுத்தார்கள். பெற்றோல் நிலையங்களிலோ வாகனத் தாங்கியில் அன்றிக் கலனில் எண்ணெய் வார்க்க மறுத்தார்கள். ஆகவே மோட்டார் சைக்கிளை வரிசையில் நிறுத்தி நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டிலே ரியூப்பை வாயால் உறிஞ்சி அந்தப் பெற்றோலை ஜெனரேற்றருக்கு மாற்றினார்கள்.