பத்து அங்குலச் சில்லில் தொடங்கின கதை

சின்னக் காருக்கு அகல ரயர் போட்டுப் பார்க்கிற ஆசை எங்கட பெடியளோட தொடங்கினது இல்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது கையில் இருந்த மாருதி 800ஐயும் அல்டோவையும் வைச்சே வடிவு பார்க்க வேண்டியதாப் போச்சு. அதனால் இந்தக் கதை கராஜ்களில் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் அந்த ஆசைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அது பிறந்த நாடு இங்கிலாந்து. பிறந்த கார் மினி. அந்தக் காரின் சில்லு நாற்பது வருசத்தில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால், நாங்கள் கராஜில் கேட்கிற கேள்வியில் பாதி விடுபட்டிருப்பது தெரியவரும்.

1956இல் சூயஸ் நெருக்கடி வந்து பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்குப் போனது. குறைய எண்ணெய் குடிக்கிற கார் ஒன்று வேணும் என்று பி.எம்.சி. நிறுவனம் அலெக் இசிகோனிஸிடம் சொன்னது. ஆளை உங்களுக்கு மறைமுகமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன மொறிஸ் மைனரை வரைந்தவர் அவர்தான். அந்தக் காரின் மாதிரி ஒடுங்கலாய் இருக்குது என்று அதை நெடுக்காக இரண்டாய் வெட்டி, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தவரும் அவர்தான். அகலத்தில் அவருக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

ஆனால் மினியில் அவர் சில்லைச் சுருக்கினார். மைனருக்கு 14 அங்குலச் சில்லு. மினிக்கு 10 அங்குலம். மூன்று மீற்றருக்குச் சற்றே கூடின நீளத்துக்குள் நாலு பேர் இருக்கவேணும் என்றால், சில்லுக்கூடு காருக்குள் இடம் பிடிக்கக்கூடாது. எந்த அளவு ரயர் வேணும் என்று டன்லொப் ஆக்கள் கேட்க, இசிகோனிஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், அதை அளந்து பார்த்தால் பத்து அங்குலம் என்று ஒரு கதை உண்டு. 1959 ஓகஸ்ட்டில் 848 சீ.சீ., 34 குதிரைவலு எஞ்சினோடு கார் வெளியில் வந்தது.

சின்னச் சில்லுக்கு ஒரு விலை இருந்தது. பிறேக் சில்லுக்குள்ளதான் இருக்குது. 10 அங்குல றிம்முக்குள்ள 7 அங்குல டிரம்தான் போனது. 34 குதிரைக்கு அது சமாளிக்கும். ஆனால் கிராண்ட் பிறிக்ஸ் கார் கட்டின ஜோன் கூப்பர் 1961இல் அதே காரை 997 சீ.சீ., 55 குதிரைவலு ஆக்கினபோது, முன் சில்லுகளுக்குள் 7 அங்குல டிஸ்க் பிறேக்கை வைக்கவேண்டி வந்தது. 1963இல் கூப்பர் எஸ் வந்தபோது டிஸ்க் 7.5 அங்குலமானது. அந்தச் சின்னச் சில்லோடதான் மினி 1964, 1965, 1967இல் மொன்ரே கார்லோ ராலியை வென்றது. (1966இலும் முதலாவதாய்த்தான் வந்தது. ஹெட்லைற்றில் பிழை பிடித்து விலக்கிவிட்டார்கள். அந்தச் சண்டையை இன்னும் கதைக்கிற ஆக்கள் இருக்கினம்.)

ராலியைப் பார்த்த இளசுகளுக்கு அகல றிம், மக்னீசிய வீல், பைபர்கிளாஸ் மட்காட் எல்லாம் வேணும் என்றாகிவிட்டது. றிம்மை வெளியே தள்ளத் தள்ளக் கார் தவளை மாதிரி அகண்டு நிற்கும். பார்க்க வடிவுதான். ஆனால் சில்லு வெளியே போகப்போக நெம்புகோல் மாதிரி பெயாரிங்கைத் தூக்கும். இண்டைக்கு எங்கட கராஜில் ஸ்பேசர் போடுறதும் இதே வேலைதான்.

கொம்பனி என்ன செய்தது? 1974இல் 1275 ஜீ.ரீ. மொடலுக்கும், 1984இல் எல்லா மினிக்கும் 12 அங்குலச் சில்லு வந்தது. காரணம் 8.4 அங்குல டிஸ்க். பெரிய பிறேக் உள்ளே போகவேணும் என்றுதான் றிம் வளர்ந்தது. அதை மறைக்க மட்காட்டில் பிளாஸ்டிக் விளிம்பு ஒட்டினார்கள். 1984இல் போட்ட ரயரின் அளவு 145/70 ஆர் 12. மாருதி 800 வைச்சிருக்கிற ஆக்கள் தங்கட ரயரின் பக்கவாட்டைப் பாருங்கோ, அதே எழுத்து.

அந்த எழுத்தில் 145 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 12 றிம். ஆர் என்றால் ரேடியல். மிஷெலின் 1946இல் காப்புரிமை எடுத்த கட்டமைப்பு. பழைய குறுக்கு நூல் ரயரில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைக்கிற வசதி ரேடியலோடதான் பெருகினது. மினியின் 145/80 ஆர் 10 ரயரின் முழு உயரம் 486 மி.மீ. 145/70 ஆர் 12க்கு 508. 1996இல் விரும்பினால் தருகிறோம் என்று வந்த 175/50 ஆர் 13க்கு 505. றிம் மூன்று அங்குலம் வளர்ந்தும் சில்லின் மொத்த உயரம் இரண்டு சென்ரிமீற்றர்தான் கூடினது. அந்த 13 அங்குலத்துக்காக மட்காட்டைப் பெருப்பித்தார்கள். ரயர் உரஞ்சாமல் இருக்க ஸ்ரேறிங் திரும்புகிற அளவையும் குறைத்தார்கள். ஒழுங்கைக்குள் சட்டென்று திரும்பவென்று பிறந்த கார், கடைசியில் திரும்ப இடம் தேடினது.

ஜேர்மனியிலும் இதே ஒழுங்குதான். 1976இல் வந்த கோல்ஃப் ஜீ.ரீ.ஐ.க்கு 175/70 ஆர் 13. அடிப்படைக் கோல்ஃபுக்கு 145. ஆனால் அந்த 175 தனிய வரவில்லை. 110 குதிரைவலு எஞ்சின், காற்றோடுகிற முன் டிஸ்க், தாழ்த்தின ஸ்பிரிங் எல்லாம் கூடவே வந்தன. 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கி, அந்த முதல் தலைமுறையில் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

இனி எங்கட கார். காற்றழுத்தம் மாறாவிட்டால், அகல ரயர் போட்டதால் தரையைத் தொடுகிற பரப்பு பெரிதாய்க் கூடாது. காரின் பாரம் அதேதானே. வடிவம்தான் மாறும்: நீட்டாய் இருந்தது குறுக்காய்ப் படும். வளைவில் பிடி கூடும், அது பொய்யில்லை. ஆனால் 650 கிலோ மாருதி மாரி மழைக்குள் போகும்போது ஒடுங்கின ரயர் தண்ணியை வெட்டிக்கொண்டு போகும். அகலமானது அதே வேகத்தில் மிதக்கத் தொடங்கும். பவர் ஸ்ரேறிங் இல்லாத காரில் கைக்கும் வேலை கூடும்.

மாருதிக்கு 155/70 ஆர் 12 போட்டால் உயரம் 14 மி.மீ. கூடும், மீற்றர் 60 காட்டுகையில் உண்மை வேகம் 61.7. அது பரவாயில்லை என்பதுதான் எங்கட எண்ணம், உள்மட்காட்டில் உரஞ்சாவிட்டால். அல்டோ 800இன் 145/80 ஆர் 12ஐக் கழற்றிப்போட்டு, பழைய கே10இல் வந்த 155/65 ஆர் 13ஐ றிம்மோட போடுறதும் கணக்குக்குச் சரிவரும், ஐந்து மி.மீ.தான் வித்தியாசம். அதைவிடப் பெரிசாய்ப் போய், ஸ்பேசரும் வைச்சு வெளியே தள்ளுற ஆக்களிடம் ஒன்று கேட்கலாம்: றிம் வாங்கின காசில் முதல் டிஸ்க்கையும் பாட்டையும் மாத்தினீங்களா? புது றிம்மின் கம்பிகளுக்கு நடுவால ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ, பழைய டிஸ்க் அங்கேயே, அதே அளவில் நிக்கும்.