கையைக் கட்டிப் பார்த்த மருத்துவர்

இரத்தப் பரிசோதனைக்குப் போனால், தாதியர் முதலில் செய்வது மேற்கையில் ஒரு ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவதுதான். சற்று நேரத்தில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு குழாய் புடைத்து எழும். ஊசி அதில் இறங்கும். அன்றாடம் எல்லா மருந்தகங்களிலும் நடக்கிற இந்தக் காரியத்தை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஆனால், கட்டிய இடத்திற்குக் கீழே மட்டும் ஏன் குழாய் புடைக்கிறது? மேலே ஏன் புடைப்பதில்லை? சுமார் 1,400 ஆண்டுகள் உலகம் நம்பியிருந்த ஒரு மருத்துவக் கொள்கையைக் கவிழ்க்க இந்தக் கேள்வி பெரிதும் உதவியது.

கேள்விக்குப் போகுமுன் கையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள். இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவருபவை சிரைகள். தோளின் கீழ் அக்குள் வழியாக வரும் பெரிய தமனி மேற்கையில் ஒரே குழாயாக இறங்குகிறது. முழங்கையில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கட்டைவிரல் பக்கமாகவும், மற்றொன்று சுண்டுவிரல் பக்கமாகவும் மணிக்கட்டை நோக்கிச் செல்கின்றன. இரண்டும் உள்ளங்கையில் வளைந்து மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது கட்டைவிரல் பக்கத்துத் தமனியில்தான்.

தமனிகள் பெரும்பாலும் சதைக்குள் ஆழமாக ஓடுகின்றன. சிரைகளில் சில ஆழத்தில் இருந்தாலும், பல தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று ஆழத்திலும் மற்றொன்று மேலாகவும் இருக்கும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சோதனைக்கு அதுவே ஆதாரம்.

கேலன் சொன்னதே வேதவாக்கு

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த எராசிஸ்திராதஸ் என்ற மருத்துவர், தமனிகளில் ஓடுவது காற்று என்று கருதினார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வந்த கேலன் அதை மறுத்தார். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் கட்டி, நடுவே வெட்டிக் காட்டினார். உள்ளே இருந்தது இரத்தம்தான்.

அந்த அளவுக்குக் கூர்மையான கேலன், வேறு ஒரு விஷயத்தில் வழிதவறினார். உண்ணும் உணவு ஈரலில் இரத்தமாகிறது என்றும், அது சிரைகளின் வழியே உடலெங்கும் பரவி, வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் மண்ணில் வற்றுவதுபோல் ஆங்காங்கே செலவாகிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். போன இரத்தம் திரும்பி வருவதில்லை என்பதே அதன் பொருள். இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றும் அவர் எழுதிவைத்தார்.

இதைத் தட்டிக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் புகழ்பெற்ற இபுன் அல்-நஃபிஸ், அந்தச் சுவரில் துளை எதுவும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் மறுபக்கம் போகிறது என்று தெளிவாக எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதியின் மதிப்பு 1924ஆம் ஆண்டில் பெர்லினில்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. ஐரோப்பாவிலோ, கேலன் சொன்னதே வேதவாக்காக நின்றது.

பாதுவாவின் சிறு கதவுகள்

இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்தவர் ஃபாப்ரிசியஸ். அங்கே அவர் காலத்தில் கட்டப்பட்ட உடற்கூறு அரங்கம் இன்றும் இருக்கிறது. நடுவில் பிரேத மேசை, அதைச் சுற்றி ஆறு அடுக்குகளில் மாணவர்கள் நின்று பார்க்கும் இடம்.

சிரைகளுக்குள் சிறு சிறு மடிப்புகள் இருப்பதை ஃபாப்ரிசியஸ் விரிவாக ஆராய்ந்தார். 1603ஆம் ஆண்டில் சிரைகளின் சிறு கதவுகளைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். துணி கட்டிய கையில் சிரைகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பதை அதில் படமாக வரைந்து காட்டினார். ஆனால், அந்தக் கதவுகளின் வேலை என்ன என்பதற்கு அவர் தந்த விளக்கம் கேலனின் வழியிலேயே போனது. இரத்தம் மொத்தமாகக் கைகால்களுக்கு இறங்கித் தேங்கிவிடாமல் அவை வேகத்தைக் குறைக்கின்றன என்றார். கதவைக் கண்டவர், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் பொருளைக் காணவில்லை.

அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி. 1578ஆம் ஆண்டு பிறந்த அவர், 1602ஆம் ஆண்டில் பாதுவாவில் மருத்துவப் பட்டம் பெற்று இலண்டன் திரும்பினார். செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் மன்னர்களுக்கும் மருத்துவரானார். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார்.

துணியும் விரலும் போதும்

ஹார்வியின் நூல் 1628ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சானது. வெறும் 72 பக்கங்கள்தான். அதில் அவர் சொன்ன சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. சிரைகள் நன்றாகத் தெரியும் ஒல்லியான ஒருவரின் கையும் ஒரு கட்டுத் துணியும் போதும்.

முதலில் மேற்கையை மிக இறுக்கமாகக் கட்டினார். மணிக்கட்டில் நாடி நின்றது. கை மெல்லச் சில்லிட்டது. கட்டுக்கு மேலே தமனி துடித்துப் புடைத்தது. பிறகு கட்டைச் சற்றே தளர்த்தினார். உடனே உள்ளங்கை சூடாகிச் சிவந்தது. இப்போது கட்டுக்குக் கீழே சிரைகள் புடைத்தன.

காரணம் இதுதான். இறுகிய கட்டு, ஆழத்தில் இருக்கும் தமனியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே இரத்தம் கைக்குள் வரவே வழியில்லை. தளர்ந்த கட்டு தமனியை விட்டுவிட்டு, தோலுக்கு அடியிலுள்ள சிரையை மட்டும் அழுத்துகிறது. தமனி வழியே இரத்தம் வருகிறது, சிரை வழியே திரும்ப முடியாமல் தேங்குகிறது. அப்படியானால் சிரையில் இரத்தம் கைக்கு வரவில்லை, கையிலிருந்து இருதயத்திற்குத்தான் போகிறது.

இரண்டாவது சோதனையைச் செய்ய ஒருவருடைய விரல்களே போதும். புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். இடைப்பட்ட பகுதி காலியாகிவிடும். மேலிருந்து இரத்தத்தைக் கீழே தள்ளிப் பார்த்தாலும் அந்த முடிச்சைத் தாண்டி வராது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் சிரை நிரம்பிவிடும். ஃபாப்ரிசியஸ் கண்ட கதவுகள் இருதயத்தின் பக்கம் மட்டுமே திறப்பவை என்பது அப்போது விளங்கியது.

அதோடு அவர் ஒரு கணக்கும் போட்டார். ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் இரத்தம் மட்டுமே வெளியேறுவதாக வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் ஏற்படும் ஆயிரம் துடிப்புகளில் 500 அவுன்ஸ் ஆகிவிடும். அதாவது 14, 15 கிலோகிராம். வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் ஐந்து லிட்டர்தான். இவ்வளவு இரத்தத்தை எந்தச் சாப்பாட்டிலிருந்து ஈரல் உண்டாக்க முடியும்? ஒரே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை.

ஏற்க மறுத்த உலகம்

நூல் வந்த பிறகு ஹார்வியிடம் நோயாளிகள் வருவது குறைந்தது என்றும், அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று மக்கள் பேசினார்கள் என்றும் அவரை அறிந்த ஜான் ஆப்ரே குறித்து வைத்திருக்கிறார். பாரிஸ் மருத்துவர் ஜான் ரியோலான் கடுமையாக எதிர்த்தார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வியாலும் கண்ணால் காட்ட முடியவில்லை. அவர் 1657ஆம் ஆண்டில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661ஆம் ஆண்டில், இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களைக் கண்டார். வட்டம் பூர்த்தியானது.

அறிவு வந்துவிட்டால் பழக்கம் உடனே மாறிவிடுமா? மாறவில்லை. கைச் சிரையை வெட்டி இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சை அதன் பிறகும் தொடர்ந்தது. ஹார்வியே அதைக் கைவிடவில்லை. 1799ஆம் ஆண்டு டிசம்பரில் தொண்டை நோயால் அவதிப்பட்ட அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் உடலிலிருந்து, ஒரே நாளுக்குள் இரண்டு லிட்டருக்கும் அதிகமான இரத்தம் எடுக்கப்பட்டது. அன்றிரவே அவர் இறந்தார். 1835ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, அந்தச் சிகிச்சையால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு என்று காட்டிய பிறகே அதன் செல்வாக்கு சரியத் தொடங்கியது.

அதே கை, புதிய வழி

ஹார்வியின் கட்டுத் துணி மறைந்துவிடவில்லை. 1896ஆம் ஆண்டில் இத்தாலியர் ரிவா-ரோச்சி அதைக் காற்றடைத்த பட்டையாக மாற்றி இரத்த அழுத்தத்தை அளந்தார். 1905ஆம் ஆண்டில் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது முழங்கைத் தமனியில் எழும் ஓசையைக் கேட்டு அளவிடும் முறையைச் சொன்னார். 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் இளம் மருத்துவர் ஃபோர்ஸ்மான், தன் இடக்கைச் சிரை வழியாகவே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி இருதயத்தை எட்டினார். அன்று கண்டிக்கப்பட்ட அவருக்கு 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றை நேரடியாகத் தொடும் மாற்றம் 1966ஆம் ஆண்டில் வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். சாதாரணச் சிரை அத்தனை ஊசிகளைத் தாங்காது, போதிய வேகத்தில் இரத்தமும் தராது. நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ, ஆப்பெல் ஆகியோர், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் இணைத்துத் தைத்தனர். தமனியின் அழுத்தம் பாய்ந்ததும், சில வாரங்கள் அல்லது மாதங்களில் சிரை விரிந்து தடித்து உறுதியாகிறது. அதன்மேல் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும்.

இங்கே நீரிழிவுதான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம். ஆகவே சிறுநீரகம் பாதிக்கப்பட்ட உறவினர் வீட்டில் இருந்தால், மருத்துவர் எந்தக் கையைக் காக்கச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையாக இருக்கும். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ, அழுத்தம் பார்க்கவோ விடக்கூடாது. இணைப்பு செய்த பிறகு அந்தக் கையின்மேல் படுத்து உறங்கக்கூடாது. கனமான பைகளை அதில் மாட்டிச் சுமக்கவும் கூடாது. இறுக்கமான வளையலும் கடிகாரமும் வேண்டாம். அதிர்வு தினமும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெரியவர் சொன்னார் என்பதற்காக 1,400 ஆண்டுகள் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றை, ஒருவர் துணியைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார். டயாலிசிஸ் மையங்களில் கை நீட்டிப் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சோதனையின் பயன் இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.