கோழிக்கறியும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்

சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர், ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் சாதாரணமாகக் காணப்படுபவை. கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது இவை இறைச்சியில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரை வந்துவிடுகின்றன. இவற்றில் சில வகைகள் ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தாங்கிப் பிழைக்கும் திறனைப் பெற்றுவிட்டன. உணவின் மூலம் பரவும் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் என்று இவற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

இக்கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலோருக்குச் சில நாட்களில் மருந்தில்லாமலே நின்றுவிடும். கைக்குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் அவர்களுடைய உயிரைக் காப்பது ஆன்டிபயாடிக் மட்டுமே. அந்த மருந்து பலிக்காமல் போவதுதான் இங்கே பிரச்சினை.

இந்த எதிர்ப்புக்கு வழிவகுத்த, கோழித் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1948இல் லெடர்லே ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாக எடை கூடின. 1951இல் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் சேர்க்க அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதன்பின் நோயே இல்லாத கோழிகளும் தினமும் சிறிதளவு மருந்தை உண்டு வளர்ந்தன. இந்த அளவில் மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் குறைந்துபோகும். அடங்காதவை அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டு பெருகும்.

இது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதை ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1976இல் காட்டினார். பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் சில கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தரப்பட்டது. ஒரே வாரத்தில் அவற்றின் குடல் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ எல்லாமே அம்மருந்தை எதிர்த்து நின்றன. ஐந்தாறு மாதங்களில் பண்ணைக் குடும்பத்தினரின் மலத்திலும் அத்தகைய பாக்டீரியாக்கள் அதிகமாயின. அக்கம்பக்கத்து வீடுகளில் அந்த அளவுக்கு இல்லை.

எதிர்ப்புத் திறன் உருவாக இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, பாக்டீரியாவின் மரபணுவில் தானாக நேரும் மாற்றம். காம்பைலோபாக்டரில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம் நேர்ந்தால் போதும், சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மற்றொன்று, பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம். கடைகளில் சாவி நகல் எடுத்துக் கைமாற்றுவது போல, ஒரு பாக்டீரியா இதன் நகலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வாங்கும் பாக்டீரியா வேறு இனமாகவும் இருக்கலாம். பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே வளையத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு.

சிப்ரோபிளாக்சசின் வகையைச் சேர்ந்த மருந்துகளைக் கோழிகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 1995இல் அனுமதித்தது. எதிர்ப்புக் காம்பைலோபாக்டர் பெருகவே, நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2005இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. உணவுக்கான கால்நடைகளுக்கு இவ்வகை மருந்தை ஆஸ்திரேலியா அனுமதிக்கவே இல்லை. நெடுங்காலம் அங்கே இந்த எதிர்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

மருந்தை நிறுத்தினால் பலன் கிடைக்குமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்தது. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், பொரியும் முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் மருந்தை ஊசியில் ஏற்றிவந்தார்கள். மனிதருக்குக் கடுமையான சால்மோனெல்லா தொற்று வந்தால் தரப்படும் செஃப்ட்ரியாக்சோனுக்கு இது நெருங்கிய உறவு. கடைக் கோழியில் கிடைத்த சால்மோனெல்லாவின் ஹைடல்பர்க் வகைக் கிருமிகளில் 62 சதவீதம் செஃப்டியோஃபரை எதிர்த்தன. 2005 தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாகவே ஊசியை நிறுத்தின. அந்த விகிதம் 7 சதவீதமாகச் சரிந்தது. பிறகு சில பொரிப்பகங்கள் மீண்டும் ஊசிக்குத் திரும்பியதும் 20 சதவீதமாக ஏறியது. ஈ.கோலையிலும் இதே கதைதான்: 34, 6, பிறகு 19. நோயாளிகளிடம் கண்ட எதிர்ப்பும் இதையொட்டியே இறங்கி ஏறியது. 2014இல் கனடாவின் கோழி வளர்ப்போர் இத்தகைய மருந்துகளை நோய்த் தடுப்புக்காகப் பயன்படுத்துவதைக் கைவிட்டார்கள்.

இதே ஹைடல்பர்க் வகைதான் 2013, 2014 ஆண்டுகளில் அமெரிக்காவின் 29 மாநிலங்களிலும் பியூர்ட்டோ ரிக்கோவிலும் 634 பேரை நோயில் தள்ளியது. நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. யாரும் இறக்கவில்லை.

வேறெந்த மருந்தும் பலிக்காதபோது மருத்துவர்கள் நாடும் கோலிஸ்டினும் தீவனத்துக்குத் தப்பவில்லை. அதை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட் மூலம் பரவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். பன்றிகளிடமும், கடையில் விற்ற கோழி, பன்றி இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் அது இருந்தது. கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகக் கொடுப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது. நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் இது பொருந்தும்.

மருந்தெதிர்ப்புக் கிருமியும் சூட்டில் செத்துவிடும். கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். பச்சைக் கறியின் நீர் பட்ட கத்தி, பலகை, கை ஆகியவையே வீட்டில் தொற்றைப் பரப்புகின்றன. குழாயடியில் கறியைக் கழுவும்போது தெறிக்கும் நீரும் அப்படியே. ஆனால் சமைப்பவரின் கவனம் பண்ணையின் பொறுப்புக்கு ஈடாகாது. தடுப்பூசி, ஈரமில்லாத தரை, நெரிசலில்லாத கொட்டகை, சுத்தமான தண்ணீர் ஆகியவை இருந்தால் நோய் குறைகிறது. மருந்தின் தேவையும் குறைகிறது. தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பதை 2006இலேயே தடை செய்த ஐரோப்பிய ஒன்றியம், 2022 முதல் நோயில்லாத மந்தைக்கு வழக்கமாக மருந்து தருவதையும் தடுத்திருக்கிறது.