வினையூக்கி கற்பிக்கும் பாடம்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய பால்மரத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். பாலில் ஊற்றும் அமிலத்தின் அளவு பிழைத்தால் ரப்பர்த் தாளின் தரமும் கெடும் என்பதை அத்தொழிலாளர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். செய்முறையே பொருளின் குணத்தை வகுக்கும் என்னும் இவ்வுண்மை, திண்ம உலோக வினையூக்கிகளின் வரலாற்றிலும் துலங்குகின்றது.

தான் தீர்ந்து போகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி. இந்நிகழ்வுக்கு 1835இல் பெயர் சூட்டியவர் சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ். நுண்ணிய நிக்கலின் துணையால் எத்திலீனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். தமிழர் அடுக்களைக்கு வந்த வனஸ்பதியும் இவ்வழியில் பிறந்ததே. 1920களில் அமெரிக்கரான மரே ரேனி, நிக்கலும் அலுமினியமும் கலந்த உலோகக் கலவையைக் காரக் கரைசலில் இட்டார். அலுமினியம் கரைந்தது; நுண்துளைகள் நிறைந்த நிக்கல் எஞ்சியது. கட்டி நிக்கலுக்கும் இதற்கும் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

ஆற்றல் புறப்பரப்பில் உள்ளதெனில், அதனை அளப்பது எங்ஙனம்? கடுங்குளிரில் தூளின்மீது படியும் நைட்ரஜனின் அளவைக் கொண்டு கணக்கிடும் வழியை 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர் வகுத்தனர்.

ஆக்கலையும் அளத்தலையும் பட்டப்படிப்பு மாணவருக்கு ஒருசேரக் கற்பிப்பதே சிறந்த முறையாகும். மாணவர் அலுமினாவை நிக்கல் உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்திச் சுட்டு, ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி உப்பை உலோகமாக்குகின்றார். பின்னர்ப் புறப்பரப்பை அளந்து, எக்ஸ் கதிரால் படிக அமைப்பை ஆராய்கின்றார். வெப்பம் மிகுந்திருந்தால் உலோகத் துகள்கள் ஒட்டிப் பருத்துவிடும். பரப்பும் ஆற்றலும் குன்றும். குறிப்பேட்டில் வெப்பநிலையை மாற்றி எழுதினாலும் தூள் பொய் உரைப்பதில்லை. நேர்மையும் இங்கே பாடமாகின்றது.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.வி.சி. சாஸ்திரி போன்றோர் வளர்த்த இத்துறைக்கு 2006இல் அங்கே தேசிய ஆய்வு மையமே அமைந்தது. மலாக்காவிலும் காலம் மாறியது. சுங்கை ஊடாங் வட்டாரத்தில் 1994இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பெட்ரோலின் தரத்தை உயர்த்த இத்தகைய ஆலைகளில் பயன்படும் வினையூக்கியில் பிளாட்டினம் நூற்றில் ஒரு பங்கும் இராது. அச்சிறு பங்கே பெரும்பணி ஆற்றுகின்றது.

பால்மரத்தின் நிழலில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அவ்வாலையின் வேலியருகே வெறும் பார்வையாளராய் நிற்றல் தகுமோ? பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் வழி தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பிலேயே தொடங்குகின்றது. செய்து பார்த்தல், அளந்து அறிதல், கண்டதைக் கண்டவாறே எழுதுதல் ஆகிய மூன்றையும் பிள்ளைகளுக்குப் பழக்கும் ஆசிரியரே அவர்தம் அறிவுக்கு வினையூக்கி ஆவார்.