தூர் அகற்றல்

தூர் அகற்றல் என்பது வெட்டப்பட்ட அல்லது சாய்ந்த மரத்தின் அடிக்கட்டையையும் வேர்களையும் நிலத்திலிருந்து நீக்கும் பணியாகும். இது மரம் வெட்டுதலிலிருந்து வேறானது. கருவி, ஆள், கூலி ஆகிய மூன்றும் மாறுபடும்.

கடலூர் மாவட்டத்தில்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இம்மாவட்டத்தில் முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுத்து அகற்றிய பின்னரும், தூர்களை எடுக்காமல் நிலத்தை உழுது மறுநடவு செய்வது கடினம்.

முறைகள்

* தோண்டுதல்: கடப்பாரை, மண்வெட்டி கொண்டோ பொக்லைன் இயந்திரத்தாலோ செய்யப்படுகிறது. சுவர், நிலத்தடிக் குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகே இயந்திரத்தால் தோண்டினால் அவை சேதமடையக்கூடும்.
* அரைத்தல்: சுழலும் பற்சக்கரம் தூரைத் தரைமட்டத்திற்குக் கீழ்வரை சீவித் தூளாக்கும். ஆழத்திலுள்ள வேர்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.
* மட்கவிடுதல்: செலவற்றது; ஆண்டுக்கணக்கில் ஆகும். வேம்பு, பூவரசு ஆகியவை தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தென்னை துளிர்க்காது, ஆனால் மட்கும் தென்னந்தூரில் காண்டாமிருக வண்டு பெருகி அருகிலுள்ள தென்னைகளைத் தாக்கும்.

ஒப்பந்தம்

மரத்தை விலைபேசி வாங்கும் வியாபாரிகள் பொதுவாகத் தரைக்கு மேலுள்ள பகுதியையே எடுத்துச் செல்வர். எனவே தூர் எடுத்தல், கிளைகளை அப்புறப்படுத்தல், குழி மூடுதல், விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஆகியவற்றை முன்னதாகவே எழுத்தில் முடிவு செய்தல் நன்று. அருகில் மின்கம்பி இருப்பின், மின்வாரியத்திடம் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே மரத்தை வெட்ட வேண்டும்.