பெரிய சைஸ் இங்க் பேனா... தினமும் எழுத செட் ஆகுமா? வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

பத்து நிமிஷம் எழுதினாலே விரல் வலிக்குது, பேனா பிடிக்கிற இடம் சிவந்து போகுது என்று புலம்புபவர்கள் இப்போது அதிகம். வருஷக்கணக்கில் மொபைலில் தட்டிப் பழகிவிட்டு, திடீரென மூன்று மணி நேரம் விரிவான விடை எழுத உட்காரும் போட்டித் தேர்வர்களுக்கு இந்த வலி ரொம்பவே பரிச்சயம். இவர்களில் பலரின் கண்ணில் படுவது, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பருமனான இங்க் பேனாக்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது சீனத் தயாரிப்பான ஜின்ஹாவ் எக்ஸ்159. சுருட்டு மாதிரி இருக்கும் இதை வைத்து தினமும் எழுத முடியுமா?

முடியும். ஆனால் சரியான மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்படி என்ன பெருசு?

மூடியோடு சேர்த்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம். விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியே சுமார் 12 மில்லிமீட்டர் பருமன். கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கும் பால்பாயிண்ட் பேனா 8 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஜெர்மனியின் மோன்ட்பிளாங்க் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்த 149 என்ற மாடலின் சாயல் அப்படியே தெரியும். 149-க்கு 159 என்ற எண் தற்செயலாக அமைந்தது என்று நம்புவதும் கஷ்டம்தான். அதில் தங்க நிப்பு, இதில் ஸ்டீல் நிப்பு. அதன் விலையில் இதை டஜன் கணக்கில் வாங்கலாம். தன் சொந்தப் பெயரில் விற்பதால் இதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் மூடி உச்சியில் மோன்ட்பிளாங்கின் வெள்ளை நட்சத்திரத்தைப் போட்டு சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள் பாருங்கள், அது போலியேதான்.

பருமன் ஓகே... எடை?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜின்ஹாவில் 159 என்று ஒரு மாடல், எக்ஸ்159 என்று இன்னொரு மாடல். போட்டோவில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பழைய 159-ன் உடம்பு உலோகம். மூடியோடு 50 கிராமை ஒட்டி வரும். எக்ஸ்159 பிளாஸ்டிக் உடம்பு, 30 கிராமை ஒட்டித்தான் எடை. சாதாரண பால்பாயிண்ட் ஐந்தாறு கிராம்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பருமன் கைக்கு உதவி செய்யும். மெல்லிய பேனா நழுவாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. தடித்த பேனாவுக்கு அந்த இறுக்கம் தேவைப்படாது. மூட்டுவாதம் இருப்பவர்களுக்கு தடித்த பிடியுள்ள பேனா, கரண்டி பரிந்துரைக்கப்படுவதும் இதனால்தான். எடை விஷயம் வேறு. கையெழுத்து போட கனமான பேனா கம்பீரமாக இருக்கும், நாலு பக்கம் எழுதினால் மணிக்கட்டு பேச ஆரம்பித்துவிடும். மூடியைப் பின்னால் செருகினால் இன்னும் மோசம், பாரம் முழுக்க வால் பக்கம் இழுக்கும். தினசரி எழுத வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உடம்பு, மூடி மேஜை மேல். கை சின்னதாக இருப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இந்த சைஸையே யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அழுத்தவே கூடாதா?

பால்பாயிண்டில் குண்டு உருண்டால்தான் மை வரும், அதற்கு அழுத்த வேண்டும். இங்க் பேனாவில் அந்த வேலையே கிடையாது. நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையில் முடி அளவு காடிகள் ஓடும். நுண்துளை ஈர்ப்பால் மை அதன் வழியாக நிப்பு நுனிக்கு வந்து நிற்கும், பேப்பர் தொட்டதும் இறங்கும். மை இறங்கிய இடத்துக்கு அதே கட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அதன் எடையிலேயே ஓட விட்டால் போதும். பால்பாயிண்ட் பழக்கத்தில் ஊன்றி எழுதினால் நிப்பு விரிந்துவிடும், பிறகு கோடு விட்டுவிட்டு வரும்.

பெரிய நிப்பு என்றால் பட்டையான எழுத்தா?

இல்லை. எக்ஸ்159-ல் இருப்பது 8-ம் எண் நிப்பு. இந்த எண் நிப்பின் உடல் அளவைத்தான் சொல்கிறது. கோட்டின் தடிமனை முடிவு செய்வது நுனி. எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். மீடியம் நிப்பில் ண, ன இரண்டும் மையில் அடைந்து குழம்பும். ஃபைன் எடுத்துக்கொள்வது நல்லது.

விலை குறைவு என்றால் தொல்லை இருக்குமே?

இருக்கும், பெரும்பாலும் முதல் நாளே. தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை கட்டையில் தங்கியிருந்தால் மை இறங்காது. பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நிப்பையும் ஃபில்லரையும் அலசி, நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, காய வைத்து மை போடுங்கள். அப்படியும் எழுதவில்லை என்றால் நிப்பின் இரண்டு பல்லும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் நகத்தால் மெதுவாகச் சரி செய்யலாம். பயமாக இருந்தால் மாற்றிக் கேட்டுவிடுங்கள், அதற்குத்தானே ரிட்டர்ன் இருக்கு.

மை விஷயத்தில் செலவு பெரிதில்லை. ஒரு ஃபில்லர் ஒரு மில்லி பிடிக்கிறது என்று வைத்தால் 60 மில்லி பாட்டிலில் 60 தடவை நிரப்பலாம். இங்க் பேனாவுக்கு என்று எழுதியிருக்கும் மையை மட்டும் வாங்குங்கள். படம் வரையும் இந்தியன் இங்க் உள்ளே போனால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பேப்பர்தான் பெரிய தலைவலி. மலிவான நோட்டில் மை பரவும், பின்பக்கம் ஊறும். பேனாவைத் திட்டுவதற்கு முன் வேறொரு பேப்பரில் எழுதிப் பார்ப்பது நியாயம்.

நம்ம ஊரில் இல்லையா?

பெரிய பேனா நமக்குப் புதுசே இல்லை. ராஜமுந்திரியில் 1932-ல் தொடங்கிய ரத்னம் பேனா, காந்தி பயன்படுத்திய சுதேசிப் பேனா என்று பெயர் பெற்றது. திருவள்ளூரில் ரங்கா பேனா இன்றும் லேத்தில் கையால் கடைந்து எடுக்கப்படுகிறது. இவற்றில் பல எபோனைட் என்ற இறுகிய ரப்பரால் ஆனவை. விலை ஜின்ஹாவைவிடக் கூடுதல்தான், ஆனால் கைக்கு இதமாக இருக்கும்.

இந்த வகைப் பேனாக்களில் பல, டிராப்பரால் உடம்புக்குள்ளேயே மை ஊற்றுபவை. ஃபில்லரைவிட இரண்டு மூன்று மடங்கு மை பிடிக்கும். அப்பா தலைமுறையின் சட்டைப் பை நீலக்கறைக்கும் இதுதான் காரணம். மை பாதிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகமாகிவிடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி காலியானதுமே நிரப்பிவிட்டால் கறை குறையும்.

தேர்வுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஹால் டிக்கெட் விதிமுறையை முதலில் படித்துவிடுங்கள். ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப பால்பாயிண்ட் பேனாதான் கேட்பார்கள், அங்கே இங்க் பேனா வேலைக்கு ஆகாது. விரிவான விடை எழுதும் தேர்வு என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே அந்தப் பேனாவில் எழுதிப் பழகுங்கள், அன்று காலை மையை முழுசாக நிரப்புங்கள், பையில் ஒரு பால்பாயிண்டும் இருக்கட்டும்.